தவக்காலத்துக்கு விட்டது

மார்ச் 5, புதன்

காலையில் லேசான பனி. ஸ்கூல் போய்ச் சேருவதற்குள் வெயில். பெருநகர் போகும் பஸ்ஸில் நிற்கவே இடம் இல்லை. செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்திச் சமாளித்தேன். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்தேன்.

இன்று சாம்பல் புதன். முதல் பீரியட் முழுக்கக் கோயிலில். ஃபாதர் கட்டை விரலால் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பல் சிலுவை. இந்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்று நெற்றியை நீட்டுகிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. என் ஐந்தாம் வகுப்பு மோனிஷா (ஊர்த்தெரு, தாத்தாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம்) வீட்டிலிருந்தே விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தாள். ஃபாதர் அதன் மேலேயே போட்டுவிட்டார். "ரெண்டு சாமியும் ஒண்ணாக்கீது மிஸ். எக்ஸாமுக்கு நல்லது" என்றாள்.

பிறகு சிஸ்டர். எங்கள் எச்.எம்., தென்பக்கத்துக்காரர். அசெம்பிளியில் பேச்சு: "தவக்காலம் முழுக்க உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை விட்டுடணும் பிள்ளைகளா. ஈஸ்டர் வரைக்கும். கஷ்டமா இருக்கணும். கஷ்டம் இருந்தாத்தான் அது தியாகம்." எதிரில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு ஸ்கூலில் போடும் உப்புமாதான் அன்றைய முதல் சாப்பாடு. விடுவதற்கு இவர்களிடம் என்ன இருக்கிறது என்று சிஸ்டர் யோசிப்பதில்லை.

சிஸ்டர் விசாரிப்பார் என்பதால் வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னேன்.

மிக்சர்.
போனில் கேம்.
தம்பியை அடிப்பது.
கத்திரிக்காய் (சாப்பிடவே மாட்டான், விடுகிறானாம்).
சிக்கன். உடனே நாலு மூலையிலிருந்தும் "ஞாயித்துக்கெயம கணக்குல இல்ல மிஸ்". தவக்காலத்தில் ஞாயிறுக்கு விலக்கு உண்டு என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.
மோனிஷா: "நாங்க இந்து மிஸ். வோணும்னா ஹோம்வொர்க்க வுட்டுடறேன்."

பிரின்சி எழுந்தாள், சொல்லமாட்டேன் என்றாள். "சொல்லிட்டா சாமிக்குக் குடுத்த மாதிரி இருக்காது மிஸ்." காலனிப் பெண். எனக்கு முன்பே வந்து ஜன்னல் எல்லாம் திறந்து வைப்பவள், சாயங்காலம் விரட்டினாலும் போகாதவள். பெல் அடிக்கும் நேரம். "சரி, சொல்லாத. ஆனா ரொம்பப் புடிச்சதா இருக்கணும், லேசா வுடறதெல்லாம் கணக்கு இல்ல" என்றேன். சிஸ்டரின் பாட்டை நானும் பாடி முடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

பிரின்சி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இந்த வருடம் அவள் லீவு போட்டதாக நினைவே இல்லை.

மதியம் முட்டை. கத்தோலிக்கப் பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்கி வைத்தார்கள், வெள்ளிக்கிழமை என்று. மோனிஷா சுற்றி நடந்து எல்லாத் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றாள். சத்துணவு அக்கா: "வருசா வருசம் இதே பேஜார் மிஸ். வளர்ற புள்ளைங்க. முட்டைல இன்னா பாவம் கீது?" எனக்கும் அதே கேள்விதான். சிஸ்டரிடம் கேட்டால், "நான் யாரையும் வற்புறுத்தலியே ஸ்டெல்லா."

பிரின்சி எங்கே என்று காலனிப் பிள்ளைகளைக் கேட்டேன். "அவ ஒருசந்தி மிஸ்."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. பெரியவர்களே தலை சுற்றி விழுகிற விரதம். ஐந்தாவது படிக்கிற பெண். சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முழுக்க அவள் எங்கோ மயங்கிக் கிடப்பதாகவே மனசில் ஓடியது. பதினாலு ஸ்தலத்தில் எதில் முழங்கால் போட்டேன், எதில் எழுந்தேன், தெரியாது.

மார்ச் 10, திங்கள்

இன்றும் இல்லை. சாயங்காலம் நேராகக் காலனிக்கு. வழி காட்ட மோனிஷாவைக் கூப்பிட்டேன். தெரு முனையில் நின்றுவிட்டாள். "அங்க நா வரக்கூடாது மிஸ், தாத்தா திட்டும். அவ வூடு மூணாவது. ஆடு கட்டிக்கீது பாருங்க." வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணி பாட்டில். தெரு முனையில் மட்டும் தாத்தாவின் பேச்சு குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. நான் பிறந்த காலனியிலும் இதே முனை உண்டு. அங்கே நின்றுவிட்டவர்களைத் திரும்பிப் பார்த்தால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

பிரின்சி வாசலில். இடுப்பில் தம்பி ஜோயல், இன்னும் நடக்காத குழந்தை. ஜுரம் இல்லை, மயக்கம் இல்லை. வாயோரம் குழம்பு.

"இன்னாடி, ஒருசந்தியா கீறியாமே."

"அதுங்க பொய்யி மிஸ். நா மூணு வேளையும் துன்றேன்."

"பின்ன ஏன் வரல?"

தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "ஸ்கூல வுட்டுட்டேன் மிஸ். தவக்காலத்துக்கு."

புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங்க, ரொம்பப் புடிச்சத வுடணும், லேசா வுடறதுலாம் கணக்கு இல்லன்னு. நானும் யோசிச்சிப் பாத்தேன். மிக்சரு எனக்கு அவ்ளோ புடிக்காது."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எதுக்காக வேண்டிக்கின?"

"அம்மாவுக்குக் கம்பெனி வேல போவாம இருக்கணும்னு."

அம்மா லூர்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறார், காண்ட்ராக்டில். ஸ்கூல் நேரத்துக்கு முன்பே வேன் வரும். அப்பா சவுக்கு மரம் வெட்ட என்று நெல்லூர்ப் பக்கம் போனவர், எப்போதாவது வருவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்காத நாளெல்லாம் லூர்து லீவு, சூப்பர்வைசர் நிறுத்திவிடுவேன் என்றிருக்கிறான்.

"அதுக்குள்ள சாமி கேட்டுட்டாரு மிஸ். நா வுட்டதுலேர்ந்து அம்மா ஒரு நா கூட வேன வுடல."

ஏன் விடவில்லை? குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது. வேண்டுகிறவளும் அவள், நிறைவேற்றுகிறவளும் அவள். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"ஈஸ்டர் முடிஞ்சதும் வந்துடறேன்" என்றாள். ஈஸ்டருக்கு முன்பே பரீட்சை முடிந்து லீவு விட்டுவிடும், ஐந்தாவதோடு எங்கள் ஸ்கூலும் முடிகிறது என்று சொன்னேன். அவள் தேதியைப் பார்த்திருக்கவில்லை. கீழே கிடந்த தழையை ஆட்டுக்கு எட்டக் காலால் தள்ளினாள். பிறகு: "கஷ்டமா இருந்தாதான மிஸ் தியாகம்."

பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ. அம்மா கத்தல்.

மார்ச் 11, செவ்வாய்

சிஸ்டரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கண் கலங்கியது. "எப்படி ஒரு விசுவாசம் பாரு அந்தப் பிள்ளைக்கு." அந்தப் பிள்ளை வராமல் இருக்கிறாள் சிஸ்டர், இப்படியே நின்றுவிடுவாள் என்றேன். "பேசுவோம், பேசுவோம். நல்ல விஷயமா எடுத்துக்கோ." யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

டீச்சர் தகுதிக்கான டெட் பரீட்சைப் புத்தகம் திறந்தேன், மூடினேன். ஐந்தாவதோடு நின்றவர்கள், எனக்குத் தெரிந்தவர்களில்: பெரியப்பா மகள், அவள் தங்கை, எதிர்வீட்டு சகாயம். மூவரும் நின்றது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள. "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் மூன்று தடவையும் சொன்னார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

சிஸ்டர் தலையாட்டியது ஃபாதருக்குப் பொருந்தாது போல.

பிரசங்கத்தில் ஃபாதர்: "நம்ம கோயில் பங்குல ஒரு சின்னப் பெண், தனக்கு எது உயிரோ அதையே ஆண்டவருக்காக விட்டிருக்கிறாள்." பெயர் சொல்லவில்லை. சொல்லவே வேண்டாம், காலனி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பூசை முடிந்ததும் பொம்பளைகள் அவள் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டார்கள். "கன்னியாஸ்திரி ஆவப் போறா பாரு." பிரின்சி வெட்கத்தில் நெளிந்தாள். அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இனி எப்படித் திரும்பி வருவாள்? வந்தால் ஊரே கேட்கும், சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டாயா என்று.

வாசலில் லூர்துவைப் பிடித்தேன்.

"அக்கா, நாளைக்கு அனுப்புங்க அவள."

"நானா மிஸ் நிறுத்தினேன்? அவளே வேண்டிக்கினா. சாமி காரியம், அதுல நா கை வெக்க மாட்டேன்."

"உங்களுக்கு வசதியா கீது. அதான் சாமி காரியம்." வாய் முந்திவிட்டது.

நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, வசதியாத்தான் கீது. இன்னா இப்போ? ஊரான் எச்சித் தட்டு கயுவறேன். ஒரு நா லீவு போட்டா மறுநா வேன் நிக்காது. நீங்க வந்து கொயந்தய வெச்சிக்கினு இருங்க, நா அனுப்பறேன்."

சரியான கேள்வி. போகும்போது குரல் இறங்கியது: "நேர்ச்சய நடுவுல வுட்டா எனக்குத்தான மிஸ் அடி வியும். அவளுக்கும் அதான் பயம்."

கோபப்பட ஆள் தேடினால் வரிசை நீளம். சிஸ்டர், ஃபாதர், காண்ட்ராக்டர், கைக்குழந்தையைச் சேர்க்காத அங்கன்வாடி, நெல்லூர் போன அப்பன், நான்.

மார்ச் 19, புதன்

தூக்கம் சரியில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

ஃபாதர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பேசினால் கேட்பார். "ஜனங்களுக்கு நல்ல உதாரணமா இருக்கும்னு நெனச்சேன் ஸ்டெல்லா."

"உதாரணம் வீட்டுல குழந்தையைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கு ஃபாதர். ஜூன்லயும் அங்கேயேதான் இருக்கும்."

துடைப்பதை நிறுத்தினார். லூர்துவின் வேன், குழந்தை, பரீட்சை எல்லாம் சொன்னேன். அவருக்கு எதுவும் தெரியாது. சிஸ்டர் சொன்னது விசுவாசம் மட்டும். கடைசியில்: "நேர்ச்சையை மாத்திக்கலாம். பாவம் கிடையாது. ஆனா அதே அளவு பெருசா வேற ஒண்ணை ஒப்புக்கொடுக்கணும். நான் சொன்னேன்னு சொல்லு, அவங்க அம்மாகிட்டயும்."

ஆக, மாற்றுக்கு ஒன்று வேண்டும், அதே எடையில். மளிகைக் கடை மாதிரி. பரவாயில்லை, கதவு திறந்ததே போதும்.

மார்ச் 20, வியாழன்

சிஸ்டரிடம்: பிரின்சி தம்பியோடு வகுப்புக்கு வரட்டும், பரீட்சை வரை.

"இது பள்ளிக்கூடமா, பால்வாடியா? ஆபீசர் வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

"அதே ஆபீசர்தான் பள்ளி செல்லாக் குழந்தைங்க லிஸ்ட்டும் கேப்பாரு சிஸ்டர். ஃபாதர் பிரசங்கத்துல மெச்சின பிள்ளை பேரு அதுல இருந்தா நல்லா இருக்காது."

கண்ணாடியைக் கழற்றினார். "நீ படிச்சது டீச்சர் ட்ரெய்னிங்கா, வக்கீலுக்கா?"

நான் டெம்ப்ரவரி. அடுத்த வருடம் நான் இங்கே இருப்பதும் இல்லாததும் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

"பின் பெஞ்சு. குழந்தை அழுதா உடனே வெளிய. பரீட்சை வரைக்கும்தான்."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். மாத்திரை வாங்கியாயிற்று.

மார்ச் 23, ஞாயிறு

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிரின்சி அவளாகவே என் வகுப்பறைக்கு வந்தாள், தம்பியோடு. "இன்னிக்கு ஞாயித்துக்கெயம மிஸ். கணக்குல இல்ல. வரலாம்." நின்று நின்று பெஞ்சு, பலகை, ஜன்னல் எல்லாம் பார்த்தாள், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தவள் மாதிரி.

வகுத்தல் கணக்கு போட்டோம். மறக்கவில்லை. ஜோயல் சாக்பீஸ் தின்றான்.

ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். நேர்ச்சையை மாற்றலாம், தம்பியும் வரலாம், சிஸ்டர் ஒப்புக்கொண்டார். உடனே கேட்டாள்: "மாத்தினா அம்மாவுக்கு வேல போயிடுமா?"

"போவாது" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

"அதே மாரி பெருசா வோணும்ல?"

"வேணும். ஸ்கூலுக்கு அடுத்து ரொம்பப் புடிச்சது எது?"

யோசித்தாள். என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி என்னை. பதில் கிடைத்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது, சந்தோஷமாக இல்லை.

"கீது மிஸ். ஆனா சொல்லமாட்டேன்."

மார்ச் 24, திங்கள்

வந்துவிட்டாள். நான் போகும்போது ஜன்னல்கள் திறந்திருந்தன. பின் பெஞ்சு, மடியில் தம்பி, பக்கத்தில் மோனிஷா (தானாகவே பின்னால் மாறிக்கொண்டாள்).

ஆனால் ஒன்று. அட்டெண்டன்சில் அவள் பெயரைக் கூப்பிட்டேன், சத்தம் இல்லை. "வந்துக்கீறா மிஸ்" என்று மோனிஷாதான் சொன்னாள். கணக்கு கேட்டேன், எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. பலகைக்கு வந்து போட்டுவிட்டுப் போனாள், சரியான விடை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் அடித்தார்களா? லூர்து ஏதாவது சொல்லி அனுப்பினாரா? ஊரில் யாராவது பேசினார்களா?

மார்ச் 26, புதன்

இன்றும் அதேதான். மற்ற எல்லாரிடமும் பேசுகிறாள், சிரிக்கிறாள், சத்துணவு அக்காவிடம் வம்பளக்கிறாள். நான் கிட்டே போனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். மத்தியானம் சத்தம் போட்டுவிட்டேன்: "என் மேல இன்னாடி கோவம்? வாயத் தொறந்து சொல்லு." கண்ணில் தண்ணி. அப்போதும் பேசவில்லை.

இன்டர்வெல்லில் மோனிஷா வந்தாள். "அவள திட்டாதீங்க மிஸ். உங்கள வுட்டுட்டா."

"என்னையா?"

"ஸ்கூலுக்கு பதுலு. ஈஸ்டர் வரிக்கும் உங்ககிட்ட பேசக்கூடாது, உங்க மூஞ்சயும் பாக்கக்கூடாது. சொல்லக்கூடாதுன்னா, ஆனா நா இந்துதான, நா சொன்னா கணக்குல வராது."

பின் பெஞ்சில் பிரின்சி தம்பிக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மோனிஷாவிடம் கேட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அனல். ஒன்றாம் வகுப்பில் இரண்டு பேர் வாந்தி. செருப்பு மறுபடி. அம்மா ஒரு மாப்பிள்ளை போட்டோ காட்டினாள், பார்க்கவில்லை.

கேன்டீனில் ஆள் குறைக்கிறார்களாம். காலனியிலிருந்து போகிறவர்களில் இரண்டு பேரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. லூர்து இன்னும் போகிறார். காலையில் பஸ்ஸில் அந்த நினைப்புதான். வேலை போனால் பிரின்சி ஒரே ஒரு முடிவுக்குத்தான் வருவாள்: பள்ளிக்கூடத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதால். மாற்றச் சொன்னது நான். போகாது என்று சொன்னதும் நான்.

மோனிஷா வழியாக விசாரித்தேன். பதில்: "அம்மா வேல இன்னும் போவலியாம். உங்கள வுட்டது வேல செய்து, அது இன்னும் கஷ்டமா கீதுன்னு சொல்றா."

ஏப்ரல் 9, புதன்

கணக்குப் பரீட்சை. காலையிலேயே புழுக்கம், ஃபேன் ஓடவில்லை. எல்லாரும் வந்தார்கள். ஜோயலை சத்துணவு அக்கா வாங்கிக்கொண்டார், அடுப்புப் பக்கம் விடாமல் இடுப்பிலேயே வைத்து அரிசி களைந்தார்.

பிரின்சி தலை தூக்காமல் எழுதினாள். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன், தாளைக் கையால் மறைக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. எல்லாம் போட்டிருந்தாள். நீளமான வகுத்தலில் ஒன்று மட்டும் தப்பு. விரல் வைத்துக் காட்டலாமா என்று வந்தது, காட்டவில்லை.

கம்பெனி வேன் இன்று காலை காலனியில் நின்றது. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். லூர்து ஏறினாரா என்று தெரியவில்லை.

தாள் வாங்கிக்கொண்டு வரும்போது சொன்னேன், பொதுவாக: ஆறாவதுக்கு உத்திரமேரூர் பெரிய ஸ்கூலில் சேரணும், எல்லாரும் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். பின் பெஞ்சில் குசுகுசு. மோனிஷா எழுந்தாள்.

"மிஸ், அவ கேக்கச் சொல்றா."

"என்னவாம்?"

"அந்தப் பெரிய ஸ்கூல்லயும் கொயந்தய இட்டுக்கினு வரலாமான்னு."

மோனிஷா பதிலுக்கு நின்றாள். பிரின்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், காதை மட்டும் என் பக்கம் வைத்துக்கொண்டு.